மேகம் மறந்துவிட்டுப் போன நிழல்

குருவியேந்தலின் மேல் பங்குனி ஒன்பதாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு ஒரு மேகம் வந்து நின்றது. பதினொன்று பதினான்குக்கு அது மேற்கே போய்விட்டது. அதன் நிழல் மட்டும் போகவில்லை.

இதை முதலில் கண்டுகொண்டவை கோழிகள். வெயிலுக்கு இறக்கையைத் தளர்த்தி, அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவை ஒவ்வொன்றாக நடந்து வந்து, பேருந்து நிறுத்தத்துக்கும் சவரியம்மாளின் வீட்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டன. கோழிகளுக்குப் பின்னால் நாய்கள் வந்தன. நாய்களுக்குப் பின்னால் ஒரு கிடாய் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மனிதர்கள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், வானத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டார்கள், குனிந்து பார்த்தார்கள், தரையில் நிழல் இருந்தது, சரி என்று உட்கார்ந்தார்கள்.

ராமநாதபுரத்துச் சீமையில், மழையும் மரமும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருந்து இரண்டுமே வராமல் போன ஊர்களில் குருவியேந்தலும் ஒன்று. அங்கே மிளகாய் விளையும், கரிமூட்டம் புகையும், சீமைக்கருவேலம் யாரும் கேட்காமலேயே வளரும். சீமைக்கருவேலத்துக்கு நிழல் உண்டு என்று சொல்பவர்கள் அதன் அடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்ல. ஆகவே நிழல் ஒன்று தானாக வந்து தங்கியபோது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் திமிர் இல்லை.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் முனீஸ்வரி, வயது இருபத்தாறு, நில அளவர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம். கிணறு வெட்டும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். அவளுடைய வேலை உத்தரவைச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, அதற்கும் சேர்த்தே அம்மா சூடம் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த உத்தரவின் மூன்றாவது பத்தியில், இரண்டு வருடத் தகுதிகாண் பருவத்தில் குறை ஏதும் இல்லாமல் இருந்தால்தான் வேலை நிரந்தரம் என்று எழுதியிருந்ததை முனீஸ்வரி மட்டுமே படித்திருந்தாள், பலமுறை.

பங்குனி ஒன்பதாம் நாள் நடந்தது இதுதான். வீடுகள் நிற்கும் நத்தம் நிலத்தைப் புதிதாக அளந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டா கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. அளப்பது ட்ரோன். அது மேலே போய்ப் படம் எடுக்கும். அந்தப் படத்தில் எல்லை தெரிய வேண்டும் என்பதற்காக, அவரவர் மனையைச் சுற்றி அவரவரே சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கக் கோலம் போடுவதுபோல் குனிந்து எல்லை போட்டது. இரண்டு இடங்களில் சண்டை வந்தது. ஓர் இடத்தில், பதினாறு வருடம் பேசாத அண்ணனும் தம்பியும் கோட்டை எங்கே முடிப்பது என்று கேட்டுக்கொள்வதற்காகப் பேசினார்கள். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்து, முனீஸ்வரி ட்ரோனைக் களத்துமேட்டில் வைத்தபோது, கூட இருந்த தலையாரி பூவலிங்கம் நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார்.

"மேடம், ஒரு துண்டு மேகம் வருது."

"போயிருமாண்ணே?"

"போகும். ஆனா அதுக்குள்ள காத்து எந்திரிச்சிரும். காத்து வந்தா சுண்ணாம்பு நிக்காது. மறுபடி கோடு போடச் சொன்னா அந்த அண்ணன் தம்பி வெட்டிக்குவாங்க."

கைப்பேசியில் சர்வே ஆய்வாளர் மூன்று முறை அழைத்திருந்தார். ஊரை மாலைக்குள் முடித்தாக வேண்டும். மின்கலம் ஒன்றுதான் மிச்சம். முனீஸ்வரி பொத்தானை அழுத்தினாள். ட்ரோன் எழும்பி, வரிசை வரிசையாக ஊரை உழுதுவிட்டு இறங்கியது. அதன் பிறகு திரையில் ஒரு படிவம் கேட்டது: வானம் எப்படி இருந்தது? 'தெளிவு', 'மேகம்' என்று இரண்டு கட்டங்கள். மேகம் என்று போட்டால் நிழல் விழுந்த இடத்துக்குப் படம் செல்லாது, அதை மறுபடி அளக்க வேண்டும். ஒரே ஒரு மேகம், அதுவும் ஒரு துண்டு. அவள் 'தெளிவு' என்ற கட்டத்தைத் தொட்டாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உண்மையை ஓரமாகக் கொஞ்சம் மடித்து வைக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

இப்படியாக, படத்தில் நிழல் இருந்தது, பதிவேட்டில் மேகம் இல்லை. பூமி என்ன செய்யும்? இரண்டுக்கும் கட்டுப்பட்டது.

நிழலின் பரப்பு ஏறக்குறைய எழுபது சென்ட். சூரியன் கிழக்கே இருந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் அது சாயவில்லை. படுத்திருக்கும் ஒட்டகம் என்றார் டீக்கடை சீனி பாய். அவர் சவுதியில் ஒன்பது வருடம் இருந்து ஒட்டகங்களை அறிந்தவர். ஒட்டகமும் இல்லை ஒன்றும் இல்லை, குப்புற விழுந்த குடிகாரன் என்றார் ஊராட்சித் தலைவர் கருமலையான். ஒரு வாரம் அந்த வாக்குவாதம் நடந்தது, அந்த ஒரு வாரத்துக்குள் ஊர் நிழலுக்குப் பழகிவிட்டது. சீனி பாய் தன் பெஞ்சுகளை நகர்த்தி ஒட்டகத்தின் வயிற்றில் போட்டார். மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்கள் சாக்குகளோடு வந்து அதன் கழுத்தில் உட்கார்ந்தார்கள். நகரப் பேருந்து, நிறுத்தத்தின் தகரத்தைத் தாண்டிப் போய் நிழலுக்குள் நின்றது; ஓட்டுநர் கேட்டால், இங்கேதான் பிரேக் பிடிக்கிறது என்றார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊர் பார்த்தேயிராத இரண்டு தெருக்காரர்கள், அக்கினி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள், முதுகோடு முதுகு சாய்ந்து உறங்கிவிட்டு, விழித்த பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

சட்டங்கள் உண்டாயின. நிழலுக்குள் கட்டில் போடக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிக்கும் காய்ச்சல்காரருக்கும் மட்டும் போடலாம். சீட்டு ஆடக் கூடாது. வண்டியை நிறுத்தி இடத்தை அடைக்கக் கூடாது. மிளகாய் காயப்போடக் கூடாது என்று தனியாகச் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் ஒருவர் தெரியாமல் அங்கே கொட்டிவைத்த பழம் காயவும் இல்லை, அழுகவும் இல்லை, கொட்டிய அன்றைய சிவப்பிலேயே வைகாசிவரை கிடந்தது. ஐந்து கல்யாணங்கள் பந்தல் இல்லாமல் நடந்தன. பக்கத்து ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் மாலையோடு முனீஸ்வரியைத் தேடித் தாலுகா அலுவலகத்துக்கே வந்து, தங்கள் ஊரைப் படம் எடுக்கும்போது நல்ல பெரிய மேகமாகப் பார்த்து எடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவள் மாலையை வாங்காமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏனென்றால் அதற்குள் வரைபடம் வந்துவிட்டது. ஊரின் ஒவ்வொரு மனையும் பல் வைத்ததுபோல் எண்ணோடு இருந்தது. நடுவில் மட்டும் ஒட்டகம் கருப்பாகப் படுத்திருந்தது. அதற்குள் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. அதற்குள்தான் சவரியம்மாளின் வீடு இருந்தது, இன்னும் இரண்டு வீடுகளும்.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் திருப்பூரில் இருந்தார்கள். சவரியம்மாள் அங்கேயே இருந்தாள். வயது நாற்பத்தேழு, புருஷன் செத்துப் பதினொரு வருடம், மூத்த காம்பு கிள்ளுகாரி, ஊரிலேயே அதிகச் சத்தமாகச் சிரிப்பவள். போன ஐப்பசி மழையில் அவள் வீட்டின் வடக்குச் சுவர் விழுந்துவிட்டது; அங்கே தார்ப்பாயைக் கட்டியிருந்தாள். அரசு வீடு கட்டித்தரும் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. ஆடி முடிவதற்குள் பட்டாவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்; அடுத்த மழைக்குத் தெற்குச் சுவரும் நிற்காது.

முனீஸ்வரி பூவலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு ரோவர் கருவியோடு வந்தாள். ரோவர் என்பது உச்சியில் ஒரு தட்டு வைத்த கம்பம். அதை நட்டால், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நிற்கும் இடத்தை விரற்கடைச் சுத்தமாகச் சொல்லும். அதற்கு வெளிச்சம் தேவையில்லை. அவள் கம்பத்தை நிழலுக்குள் நட்டாள். திரையில் மணி பதினொன்று பத்து என்று வந்தது. அப்போது மணி நான்கரை. தேதி மார்ச் இருபத்திரண்டு என்று வந்தது. அப்போது மே மாதம். கருவி கேட்டுக்கொண்டிருந்தது அன்றைய வானத்தை அல்ல, அந்தக் காலையின் வானத்தை. அந்தக் காலையில் தலைக்கு மேல் இருந்த அதே பதினான்கு செயற்கைக்கோள்களை. கம்பத்தை ஓரடி நகர்த்தி வெயிலில் நட்டாள், மணி நான்கு முப்பத்திரண்டு. மறுபடி உள்ளே நட்டாள், பதினொன்று பத்து. அளவுகளை அனுப்பிப் பார்த்தாள். இந்த நாளுக்கான பதிவு முன்பே உள்ளது என்று அலுவலகத்துக் கணினி திருப்பி அனுப்பியது.

பூவலிங்கம் எட்டிப் பார்த்தார். "ரிப்பேரா மேடம்?"

"இல்லண்ணே. இது சரியாத்தான் சொல்லுது." "இங்க இன்னும் அந்தக் காலையேதான் இருக்கு."

"அதான் மேடம் எனக்கு இங்க உக்காந்தா எந்திரிக்கவே மனசு வரல," என்றார் அவர், வேலை நேரத்தில் தூங்கியதற்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்த நிம்மதியோடு.

சர்வே ஆய்வாளர் ஞானதுரை கெட்டவர் அல்ல. அவர் மேசையில் நாற்பத்தேழு கிராமங்கள் இருந்தன, அவ்வளவுதான். "இன்னொரு தடவை பறக்க விடும்மா. வெறும் வானமாப் பாத்து எடு. நிழலு போயிரும், வேலை முடிஞ்சிரும்."

இந்தச் செய்தி அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. ஆனி ஐந்தாம் நாள் அவள் ட்ரோன் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்கியபோது, ஊர் அவளிடம் வரவில்லை, சவரியம்மாளின் வாசலில் நின்றது.

கருமலையான் தணிவாகத்தான் பேசினார். "சவரி, பட்டா இந்த வருசம் இல்லேன்னா அடுத்த வருசம் வரும். நிழலு போனா வருமா? நீயே யோசிச்சுப் பாரு."

"நான் யோசிக்கிறது இருக்கட்டும் தலைவரே. உங்களுக்குப் பட்டா மூணு தலைமுறையாப் பெட்டியில இருக்கு. நிழலுக்கு என் வாசலுக்கு வர்றீங்க. எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிட்டா எப்படி? எனக்கும் ஒண்ணை விட்டுட்டுப் போங்க."

"நிழலும் உன் வீட்டு மேலதான இருக்கு?"

"மழைக்கு நிழலு தாங்குமா?" என்றாள் சவரியம்மாள். அவள் முனீஸ்வரியைப் பார்த்து, "நீ எடுத்தா எடு தாயி. இவுகளப் பாக்காத," என்றாள்.

வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது. ட்ரோன் போனது, வந்தது. ஊர் முழுக்க முனீஸ்வரியின் தோளுக்குப் பின்னால் குவிந்து சின்னத் திரையைப் பார்த்தது. படத்தில் நிழல் இருந்தது. முன்பைவிட விளிம்பு கூர்மையாக, பாறையோ குளமோ இருப்பதுபோல, அங்கேயே பிறந்தது மாதிரி இருந்தது. அது இனி மேகத்தின் நிழல் அல்ல, நிலத்தின் ஒரு பகுதி. கூட்டம் கைதட்டியது. சீனி பாய் எல்லோருக்கும் டீ என்று சத்தம் போட்டார். சவரியம்மாள் கைதட்டவில்லை, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞானதுரை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "தெரியாத இடத்தை என்ன பண்ணுவோம்? புறம்போக்குன்னு போடுவோம். ஓடைப் புறம்போக்கு இருக்கு, மந்தைப் புறம்போக்கு இருக்கு. இது நிழல் புறம்போக்கு. ஊருக்கும் பொதுவாப் போச்சு. முடிச்சிரு."

"சார், அங்க மூணு வீடு இருக்கு."

"படத்துல இல்லையேம்மா."

அன்று மாலை முனீஸ்வரி குருவியேந்தலுக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று சவரியம்மாளின் வாசற்படியில் உட்கார்ந்தாள். சொல்ல வரவில்லை. புறம்போக்கு என்று எழுதினால் வீடு மட்டும் போகாது. இருபத்திரண்டு வருடமாக இருந்த இடத்தில் சவரியம்மாள் ஆக்கிரமிப்புக்காரி ஆகிவிடுவாள். எழுதாவிட்டால் தன் வேலை என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. சவரியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முனீஸ்வரி குனிந்து குடித்தாள். குனிந்த கண்ணுக்கு நேராகத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போனது.

அவள் சொம்பை வைத்தாள். கோட்டைக் காலால் தேய்த்தாள். அழியவில்லை. கையால் தேய்த்தாள். சுண்ணாம்பு கையில் ஒட்டியது, கோடு அப்படியே இருந்தது.

"அக்கா, இந்தக் கோட்டை நீங்க மறுபடி போட்டீங்களா?"

"நான் எதுக்குத்தா போடப் போறேன்? அன்னைக்கு உனக்காகப் போட்டதுதான். வாசல் தெளிச்சாலும் போக மாட்டேங்குது. ஆட்டுக்குட்டி மிதிக்குது, பஸ்ஸு ஏறுது, அப்பவும் போகல. சனியன், அப்படியே கெடக்கு."

முனீஸ்வரி எழுந்து கோட்டின் மேலேயே நடந்தாள். அது வீட்டைச் சுற்றியது, விழுந்த சுவரின் மண்குவியலைச் சுற்றியது, முருங்கைக் கட்டை வரை போய்த் திரும்பி, மூலை மூலையாகத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து இரண்டு மனைகளுக்கும் அப்படியே. மூன்று மாதமாக ஊர் அந்தக் கோடுகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்திருந்தது. மேலேயிருந்து பார்த்த கருவிக்கு இருட்டாக இருந்த இடத்தில், தரையில் நின்ற மனிதக் கண்ணுக்கு எல்லாம் அன்று காலை போட்டதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. எல்லையை மறைத்த நிழலேதான் எல்லையைக் காத்தும் வைத்திருந்தது.

தாலுகா அலுவலகத்தின் பழைய ஆவண அறையில், கட்டுகளுக்கு அடியில், நூறு கண்ணிகள் கொண்ட ஓர் இரும்புச் சங்கிலி கிடந்தது. மறுநாள் பூவலிங்கம் அதற்கு எண்ணெய் போட்டுத் தோளில் தூக்கி வந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையைப் பிடிக்க சீனி பாய் வந்தார், நடுவில் தொய்யாமல் தாங்க ஆட்கள் வேண்டியிருந்ததால் காம்பு கிள்ளும் பெண்கள் எழுந்து வந்து வரிசையாக நின்றார்கள். முனீஸ்வரி பயிற்சியில் படித்தது ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. இரும்பு வெயிலில் நீளும். அந்தக் காலத்தில் நாட்டையே அளக்க வந்தவர்கள் சங்கிலிக்குக் குடை பிடித்தார்கள், கூடாரம் போட்டு அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, சூடு பார்த்துச் சூடு பார்த்து அளந்தார்கள். சங்கிலிக்கு வேண்டியது நிழல்.

சங்கிலி தரையில் நேராகப் படுத்தபோது அவள் கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றாள். முன்னொரு காலத்தில் பூமியை மனிதன் நடந்து அளந்தான், அப்போது ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் இருந்தது ஒரு பகல் அல்லது இரண்டு வெற்றிலை போடும் நேரம். பிறகு சங்கிலி வந்தது, நிலத்துக்கு மூலைகள் வந்தன, அதுவரை வளைந்து கிடந்த வயல்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. பிறகு குன்றுகளின் உச்சியில் கண்ணாடிக் குழலைத் தூக்கி வைத்துக் கோணம் பார்த்தார்கள், ஒரு குன்று இன்னொரு குன்றைப் பார்க்கப் பார்க்க நாடு முழுவதும் முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டது. பிறகு விமானம் பறந்தது, நிலம் முதன்முறையாகத் தன் உச்சந்தலையைப் பார்த்தது. பிறகு வானத்தையும் தாண்டி இயந்திரங்களைச் சுற்றவிட்டார்கள், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு நீலப்புள்ளி வந்து, நீ இங்கே இருக்கிறாய், நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்லத் தொடங்கியது. அத்தனை கண்களும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்து ஒன்றைவிட ஒன்று உயரத்திலிருந்து பார்த்த பிறகும், இந்த எழுபது சென்ட் நிலத்தைத் தெரிந்துகொள்ள ஆறு பெண்களும் ஒரு டீக்கடைக்காரரும் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சங்கிலியின் மறுமுனை அந்தக் காலைக்குள் இருந்தது.

"சர்வேயரம்மா, எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டே நிக்கிறது? ஆத்துற டீயை அப்படியே வச்சிட்டு வந்திருக்கேன்," என்றார் சீனி பாய்.

"நாப்பத்தி மூணு கண்ணி," என்று முனீஸ்வரி எழுதினாள். சவரியம்மாள் அவள் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், மறுபடி யாரும் மாற்றிவிடாமல் இருப்பதற்காக.

கையால் அளந்ததை ஏற்க வேண்டுமானால், படம் ஏன் பயன்படவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்பது விதி. ஞானதுரை வழி சொன்னார், அக்கறையோடுதான் சொன்னார். "கருவிக் கோளாறுன்னு எழுதிட்டுப் போம்மா. யாரு கேக்கப்போறா?"

"கருவிக் கோளாறுன்னா அன்னைக்கு எடுத்த மொத்த ஊரும் செல்லாது சார். இருநூத்திப் பதினோரு பட்டாவும் நின்னுரும்."

"அப்ப என்னதான் எழுதுவ?"

அவள் எழுதினாள். மதியம் முழுவதும் உட்கார்ந்து மூன்று வரி எழுதினாள். 'அன்று வானத்தில் ஒரு மேகம் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் தெளிவு என்று பதிந்தேன்.' எழுதி முடித்துவிட்டு, திரையில் அந்தப் பழைய படிவத்தைத் திறந்து, 'தெளிவு' என்ற கட்டத்தை நீக்கி, 'மேகம்' என்ற கட்டத்தைத் தொட்டு, எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டாள். சாமி படங்களுக்கு நடுவில் தொங்கும் சட்டத்தை நினைத்தாள். ஞானதுரை அதை இரண்டு முறை படித்தார். "உனக்கு மெமோ வரும், தெரியும்ல?" என்றார். தெரியும் சார் என்றாள். அவர் பெருமூச்சு விட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் காலை அவள் சவரியம்மாளிடம் கையெழுத்து வாங்கக் குருவியேந்தலுக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்குக் கோழிகள் எழுந்து நின்றன. பிறகு நாய்கள் எழுந்தன. மேற்கே, போன திசையிலிருந்தே, மேல்காற்றுக்கு முன்னால் ஓடாமல் காற்றைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி, ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. பெரிய மேகம் அல்ல. வீட்டுக்குள் செருப்பை மறந்துவிட்டுப் போனவர் கூச்சத்தோடு திரும்பி வருவதுபோல் அது வந்தது. ஊரணியைத் தாண்டியது, களத்துமேட்டைத் தாண்டியது, நிழலுக்கு மேலே வந்து நின்றது. கழுத்துக்குக் கழுத்து, வயிற்றுக்கு வயிறு, விளிம்பு பிசகாமல் பொருந்தியது.

"ஒட்டகம்தான்," என்று சீனி பாய் மெதுவாகச் சொன்னார். கருமலையான் மறுக்கவில்லை.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. நான்கு நிமிடம் மேகம் அசையவில்லை. பேருந்து ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். பதினொன்று பதினான்குக்கு மேகம் நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது. சவரியம்மாளின் கூரையிலிருந்து இறங்கி, பெஞ்சுகளின் மேல் ஏறி இறங்கி, சாலையைக் கடந்து, சீமைக்கருவேலங்களுக்கு மேல் ஏறி, அந்த வறண்ட காட்டின் மேல் ஒரு பசுமாடு வீட்டுக்குப் போவதுபோல் தன் மேகத்தின் பின்னால் போயிற்று. காம்பு கிள்ளும் பெண் ஒருத்தி, தன்னையறியாமல், "போயிட்டு வா," என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் வெயில் விழுந்தது. காற்று வந்தது. சுண்ணாம்புக் கோடுகள் ஒரு நிமிடம் இருந்தன, பிறகு புகையாக எழும்பிக் கிழக்கே போய்விட்டன. முனீஸ்வரி கையிலிருந்த அளவுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று கண்ணி. எல்லாம் அதற்குள் இருந்தது.

"ஒரு வரி எழுதாம விட்டிருந்தா நிழலு நின்னிருக்கும்," என்று கருமலையான் அவளைப் பார்க்காமல் சொன்னார். அது உண்மைதான். பெஞ்சைத் தூக்கிக்கொண்டிருந்த சீனி பாய்தான், "வந்த விருந்தாளி மூணு மாசம் தங்குச்சு. அதுக்கு மேல உங்க வீட்டுல நீங்க வச்சிருப்பீங்களா தலைவரே?" என்று கேட்டார்.

ஆடி பத்தொன்பதாம் நாள் பட்டா வந்தது. கார்த்திகைக்குள் நான்கு சுவர்களும் எழுந்தன. சுவர்களுக்கு மேற்கே, காலை பதினொரு மணிக்கு, ஐந்தடி அகலத்துக்கு ஒரு நிழல் விழுந்தது. பெஞ்சுகள் அங்கே போயின. கருமலையான் இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து, உட்காரலாமா என்று நின்றார். "பட்டாதான் தலைவரே என் பேருல. நிழலு பொதுவுல. உக்காருங்க," என்று சவரியம்மாள் தெருவே கேட்கும்படி சிரித்தாள்.

முனீஸ்வரிக்கு மெமோ வந்தது. தகுதிகாண் பருவம் ஒரு வருடம் நீண்டது. வீட்டில் அதைப் படித்துக் காட்டினாள். அப்பா, "வேலை இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்குப்பா என்றாள். "அப்பச் சரி," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்று வேலைக்குப் போனார். அம்மா அன்று அந்தச் சட்டத்துக்குக் கூடுதலாக ஒரு சுற்றுச் சூடம் காட்டினாள்.

குருவியேந்தலின் வரைபடத்தில், மனை எண்களுக்கு மேல், புள்ளி புள்ளியாக ஓர் ஒட்டகம் இப்போதும் படுத்திருக்கிறது. ஓரத்தில், கிணறு, கோயில், பாறை என்று குறிகளின் விளக்கம் தரும் இடத்தில் கடைசியாக, 'நிழல், சில காலம்' என்றிருக்கிறது. முனீஸ்வரி சேர்த்தது. ஞானதுரை அதை நீக்க விதி தேடினார், விதி இல்லை.

அடுத்த பங்குனியில் அவள் வேறோர் ஊருக்குப் போனாள். சுண்ணாம்புக் கோடுகள் தயாராக இருந்தன, காற்று இன்னும் எழவில்லை, ட்ரோன் களத்தில் உட்கார்ந்திருந்தது. தெற்கே ஒரு மேகம் வந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. கதை அங்கேயும் போயிருந்தது.

"அம்மா, இப்ப அழுத்துங்கம்மா," என்றார் ஒருவர் ரகசியமாக. "பள்ளிக்கூடத்து மேல வருதும்மா. பிள்ளைகளுக்கு ஆகும். ஒரே ஒரு அமுக்கு."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மரமும் இல்லை என்பதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. மேகம் பள்ளிக்கூடத்தின் மேல் வந்தது. தகரக் கூரை குளிர்ந்து, டிக் டிக் என்று சத்தம் போட்டது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளும் நின்றாள். கட்டைவிரலை எடுத்துவிட்டு, வெயிலிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஊரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தது. மேகம் அவசரப்படாமல் போனது. அது தன் நிழலைக் கடைசி முனைவரை, மறக்காமல், கூடவே எடுத்துக்கொண்டு போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் அவள் எழுந்தாள்.